அமெரிக்கக் கவிதையில் காதல், துயரம், இனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களும், ஆர்வத்தால் தாமாகவே படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டு முதல் 1960கள் வரையிலான கவிதைகளைப் பற்றியே பேச்சு. எல்லாக் கவிஞர்களுக்கும் சமமாக இடம் ஒதுக்கவில்லை. சிலரிடம் அதிகம் தங்கியிருக்கிறேன், சிலரைப் பெயர் சொல்லிக் கடந்திருக்கிறேன்.

காதல், துயரம், இனம் மூன்றும் வெவ்வேறு பாடுபொருள்கள்தானே? ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்?

பாடநூல்கள் அப்படித்தான் பங்கு போட்டு வைத்திருக்கின்றன. காதலுக்கு ஒருவர், துயரத்துக்கு ஒருவர், இனப் பிரச்சினை என்றால் ஒரு கறுப்பினக் கவிஞர். இந்தப் பாகப்பிரிவினையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்பதற்கு ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன் என்பவரின் வாழ்க்கையே போதும்.

வட கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவர் ஹார்ட்டன். சாப்பல் ஹில்லில் இருந்த பல்கலைக்கழகத்துக்குப் பழம் விற்க நடந்து வருவார். அவருக்குப் பாட்டுக் கட்டும் திறமை உண்டு என்று தெரிந்ததும், மாணவர்கள் தங்கள் காதலிகளுக்கு அனுப்பக் கவிதை கேட்கத் தொடங்கினார்கள். காதலியின் பெயரெழுத்துகள் வரிகளின் முதல் எழுத்துகளாக அமையும்படி செய்து தருவார். விலை 25 செண்ட் முதல் 75 செண்ட் வரை. அவர் தானாகவே வாசிக்கக் கற்றிருந்தார், எழுத அப்போது தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் பலர் ஓர் அடிமையின் சொற்களைத் தங்கள் காதலனின் சொற்கள் என்று நம்பி வாசித்திருக்கிறார்கள். அடிமைகளின் திருமணமோ அந்த மாநிலச் சட்டத்தின் கண்ணில் செல்லாது.

1829இல் அவருடைய முதல் தொகுப்பு ராலே நகரில் அச்சானது. அதை விற்ற பணத்தில் தன் விடுதலையை வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். பணம் சேரவில்லை. 1865இல் உள்நாட்டுப் போர் முடியும் கட்டத்தில்தான் அவர் விடுதலை பெற்றார்.

யாருடைய காதல் யார் பெயரில் வெளியே வரலாம், யாருடைய வலிக்குச் சான்று கேட்கப்படும் என்பதை அந்த நாட்டில் நிறம் தீர்மானித்தது. ஆகவே ஒரு கவிதையைக் கையில் எடுத்தால், ‘இது எதைப் பற்றியது’ என்பதோடு நிறுத்தாமல், ‘யார், யாரிடம், யார் காதில் விழும் தூரத்தில் பேசுகிறார்’ என்றும் கேட்டுப் பழகுவது நல்லது.

என் ஆங்கிலம் சுமார்தான். எங்கிருந்து தொடங்கலாம்?

குவென்டலின் புரூக்ஸின் ‘வீ ரியல் கூல்’ மொத்தமே 24 சொற்கள். அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு கவுன்ட்டீ கல்லனின் ‘இன்சிடென்ட்’, லாங்ஸ்டன் ஹ்யூஸின் 1920களின் சிறு கவிதைகள், ராபர்ட் ஹேடனின் ‘தோஸ் வின்ட்டர் சண்டேஸ்’. இவற்றுக்கு அகராதி அதிகம் தேவைப்படாது. எமிலி டிக்கின்சனின் சொற்களும் எளியவைதான், ஆனால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும், பொறுமை வேண்டும். பிலிஸ் வீட்லியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலமும் கிரேக்கப் புராணப் பெயர்களும் முதலில் படிப்பவரை விரட்டிவிடும்.

பிலிஸ் வீட்லி அடிமைமுறையை நியாயப்படுத்தியவர் என்கிறார்களே?

ஒரே ஓர் எட்டு வரிக் கவிதையால் வந்த பெயர் அது. ஆப்பிரிக்காவிலிருந்து தான் கொண்டுவரப்பட்டதைப் பற்றிய அந்தக் கவிதை, கருணைதான் தன்னைப் புறச்சமய நாட்டிலிருந்து இங்கே கொண்டுவந்தது என்று ஆரம்பிக்கிறது. படித்ததும் எரிச்சல் வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் கறுப்பின விமர்சகர்கள் பலருக்கும் வந்தது.

எழுதியவர் நின்ற இடத்தைப் பாருங்கள். 1761இல் பாஸ்டனில் விற்கப்பட்டபோது முன்பற்கள் விழுந்திருந்ததை வைத்துத்தான் அவருக்கு ஏழு வயது இருக்கும் என்று கணித்தார்கள். ஏறி வந்த கப்பலின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். 1773இல் லண்டனில் அவருடைய நூல் வெளிவந்தபோது, இவற்றை எழுதியது அந்தப் பெண்தான் என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் உட்பட பாஸ்டனின் 18 பிரமுகர்கள் கையொப்பமிட்ட சான்று நூலின் முகப்பில் அச்சிடப்பட்டது. அப்படிப்பட்டவர் தன் கோபத்தை நேரே எழுதியிருந்தால் யார் அச்சிட்டிருப்பார்கள்?

எட்டு வரியின் பிற்பாதியில் குரல் மாறுகிறது. எங்கள் கருநிற இனத்தைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள் என்கிறார். ‘அவர்கள் நிறம் சாத்தானின் சாயம்’ என்ற அவர்களின் பேச்சை மேற்கோள் குறிக்குள் நிறுத்துகிறார். பிறகு, ‘கிறித்தவர்களே, நினைவில் கொள்ளுங்கள்’ என்று ஏவுகிறார். எஜமானர்களின் வேதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எஜமானர்களுக்கே பாடம் சொல்கிறார் ஓர் அடிமைப் பெண்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, குடியேற்ற நாடுகளுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் டார்ட்மவுத் பிரபுவுக்கு அவர் எழுதிய கவிதை. விடுதலையைப் பற்றி இவ்வளவு ஆசையாக எழுத எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, சிறுவயதில் தான் பறித்துக்கொண்டு வரப்பட்டதைச் சொல்கிறார். தன் துன்பத்தைச் சொல்வதில்லை. என் தந்தையின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்கிறார். மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் பாசத்தை அமைச்சர் முன்னால் வைக்கிறார். விதியைக் கூடக் ‘கொடிய விதி’ என்று சொல்லாமல் ‘கொடியதாகத் தோன்றும் விதி’ என்கிறார். அந்த எச்சரிக்கையான ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் கண்காணித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். தாமஸ் ஜெஃபர்சன் இவருடைய கவிதைகள் விமர்சிக்கவும் தகுதியற்றவை என்று எழுதிவைத்தார். அவரோ நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர்.

எமிலி டிக்கின்சன் வீட்டை விட்டே வெளியே வராதவர். அவருக்கும் இந்த விஷயங்களுக்கும் என்ன தொடர்பு?

அந்தப் ‘பூட்டிய வீட்டுப் பெண்’ படிமத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அவருடைய தந்தை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். வீட்டுக்கு நாளிதழ் வந்தது. அவர் மிக அதிகமாக எழுதிய ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளேதான். 1862 மார்ச்சில் அவர் ஊரான ஆம்ஹெர்ஸ்டின் கல்லூரித் தலைவரின் மகன் போரில் இறந்தபோது ஊரே குலுங்கியது. டிக்கின்சனின் கடிதங்களில் அந்த அதிர்ச்சி பதிவாகியிருக்கிறது. அடுத்த மாதம் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்குக் கடிதம் எழுதி, என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டார். அதே ஆண்டு இறுதியில் ஹிக்கின்சன், விடுதலையான கறுப்பின அடிமைகளைக் கொண்ட ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றுத் தெற்கே போய்விட்டார். அமெரிக்காவின் மிக அந்தரங்கமான கவிஞர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஆள் இப்படிப்பட்டவர்.

வலியை அவர் எழுதுகிற விதம் தனி. ‘ஆஃப்டர் கிரேட் பெயின்’ என்று தொடங்கும் கவிதையில் வலி என்ன என்று சொல்லவே மாட்டார். பெரும் வலிக்குப் பிறகு ஒரு சடங்குத்தனமான அமைதி வருகிறது. நரம்புகள் கல்லறைகளைப் போல முறையாக உட்கார்ந்திருக்கின்றன. கால்கள் இயந்திரம் போலத் தரையிலும் காற்றிலும் சுற்றி வருகின்றன. கடைசியில் பனியில் உறைந்து சாகிறவரின் நிலைக்கு வருகிறார்: முதலில் குளிர், பிறகு மயக்கம், பிறகு கைவிட்டுவிடுதல். இழப்பு வந்த வீட்டில் யாரும் அழாமல், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு நடமாடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடிமைமுறையைப் பற்றி அவர் நேரே எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் நிறம் அவர் காதல் கவிதைகளுக்குள் நுழைந்திருக்கிறது. முத்தெடுக்கக் கடலில் இறங்கப் பயந்த பிரபுவுக்கு முன்னால், கருநிற மலாய்க்காரன் முத்தை எடுத்துக்கொண்டு தன் குடிசைக்குப் போய்விடுகிறான் என்று ஒரு கவிதை. நானும் அதைக் காதலித்தேன் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது என்று பிரபு புலம்புகிறான். அண்ணன் மனைவி சூசனிடம் அவருக்கிருந்த ஆழ்ந்த அன்போடு சேர்த்து இதை வாசிப்பவர்கள் உண்டு. பொறாமையைச் சொல்ல அவருக்குக் கிடைத்த உருவம் ஒரு கருநிற மனிதன் என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. அது அவ்வளவு நிரபராதமான தேர்வு இல்லை.

‘விரட்டப்படும் அடிமை நான்தான்’ என்று வால்ட் விட்மன் எழுதியது சரியா?

விட்மனைப் பற்றி வரும் கேள்விகளில் இதுதான் கடினமானது. 1855இல் அவர் சொந்தச் செலவில் வெளியிட்ட தொகுப்பின் நீண்ட முதல் கவிதையில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் இடத்தில், தப்பி ஓடிவந்த அடிமை ஒருவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். சொல்பவர் அவனை உள்ளே அழைத்துப்போகிறார். வியர்த்த உடம்புக்கும் காயம்பட்ட கால்களுக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறார். தன் அறை வழியாகப் போகும் அறையைக் கொடுக்கிறார். கழுத்திலும் கணுக்காலிலும் இருந்த புண்களுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறார். ஒரு வாரம் தங்க வைத்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடுகிறார். கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு தகவல்: துப்பாக்கி மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாருக்காக என்று சொல்வதில்லை. 1850இன் சட்டப்படி ஓடிவந்த அடிமைக்கு அடைக்கலம் கொடுத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அன்றைய வாசகருக்கு அந்தத் துப்பாக்கி யாருக்கு என்பது தெரியும். உபதேசம் ஒரு வரி கூட இல்லை. தண்ணீர், துணி, மருந்து, சாப்பாடு, துப்பாக்கி. அவ்வளவுதான்.

இரண்டாவது இடத்தில், காயம்பட்டவனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன், நானே காயம்பட்டவன் ஆகிவிடுகிறேன் என்கிறார். நாய்கள் கடிக்கின்றன, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன், இரத்தம் சொட்டுகிறது என்று அடிமையின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறார். வேதனைகள் எனக்கு மாற்றிக்கொள்ளும் உடைகளில் ஒன்று என்றும் அதே இடத்தில் சொல்கிறார். அந்த உடையை அவர் கழற்றிவிடலாம், அடிமையால் முடியாது. அதனால் முதல் காட்சியைத்தான் நான் நம்புகிறேன். அதில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள், இரண்டாவதில் விட்மன் மட்டுமே மிஞ்சுகிறார். பிற்காலத்தில் உரைநடையில் கறுப்பினத்தவர் வாக்குரிமையைப் பற்றி அவர் அவநம்பிக்கையோடு எழுதியதும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது.

ஆனால் 1862 டிசம்பரில், போரில் காயமுற்ற தம்பியைத் தேடிப் போனவர், திரும்பி ஊருக்குப் போகாமல் வாஷிங்டன் மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் வீரர்களின் படுக்கையருகே இருந்தார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ‘தி வூண்ட் டிரெஸ்ஸர்’ அங்கிருந்து வந்தது. யாப்பில்லாத அவருடைய வரிகளைப் பற்றி நம் பாரதியும் எழுதியிருக்கிறார். தமிழில் புதுக்கவிதை பிறந்த கதையில் விட்மனுக்கும் ஒரு பங்கு உண்டு.

விட்மனின் காதல் கவிதைகள் ஆண்களைக் குறித்தவையா?

1860 பதிப்பில் சேர்ந்த ‘கேலமஸ்’ கவிதைகள் ஆண்களுக்கிடையேயான அன்பைப் பேசுகின்றன. அதில் மறைப்பு குறைவு. முதுமையில் ஓர் ஆங்கில எழுத்தாளர் கடிதத்தில் நேரடியாகக் கேட்டபோது, விட்மன் மறுத்து, தனக்கு ஆறு குழந்தைகள் உண்டு என்று பதில் எழுதினார். அந்த ஆறு பேரில் ஒருவரைக் கூட இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடிமைமுறைக்கு எதிராக எழுதிய வெள்ளைக் கவிஞர்கள் வேறு யாரும் இல்லையா?

நிறையப் பேர். ஜான் கிரீன்லீஃப் விட்டியர் வாழ்க்கையையே அதற்குக் கொடுத்தார். லாங்ஃபெலோ 1842இல் அடிமைமுறை பற்றி ஒரு சிறு தொகுப்பு வெளியிட்டார். பெரும்பகுதியை ஐரோப்பாவிலிருந்து திரும்பும் கப்பலில் எழுதினார். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் வரும் அடிமை கனவில் அரசனாக இருந்துவிட்டு அழகாகச் செத்துப்போகிறான். அதே லாங்ஃபெலோ தன் மனைவிக்காக எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1861இல் ஃபேனி உடையில் தீப்பற்றி இறந்தார். அணைக்கப் போன கவிஞரின் முகமும் கைகளும் வெந்தன. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1879இல், வெயில் படாத மலைச்சரிவில் கரையாமல் கிடக்கும் பனிச்சிலுவையைப் பற்றிப் பதினான்கு வரி எழுதி, வெளியிடாமல் வைத்துக்கொண்டார். அது அவர் இறந்த பிறகே அச்சில் வந்தது. சொந்தத் துயரத்தை அலமாரியில் பூட்டினார், பிறர் துயரத்தை உரக்கப் பாடினார். எது இன்று நிற்கிறது என்பது படிப்பவர்களுக்குத் தெரியும்.

பால் லாரன்ஸ் டன்பர் ஏன் இரண்டு விதமான ஆங்கிலத்தில் எழுதினார்?

சந்தை அப்படிக் கேட்டது. டன்பரின் பெற்றோர் கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர் ஒஹாயோவின் டேட்டன் நகரில், விமானம் கண்டுபிடித்த ஆர்வில் ரைட்டோடு ஒரே பள்ளியில் படித்தவர். படித்து முடித்ததும் கறுப்பு இளைஞனுக்குக் கிடைத்த வேலை, வாரம் நான்கு டாலர் சம்பளத்தில் லிஃப்ட் இயக்குவது. 1896இல் அன்றைய பெரிய விமர்சகர் வில்லியம் டீன் ஹவல்ஸ் அவரைப் பாராட்டி எழுதினார். ஒரே நாளில் புகழ் வந்தது. கூடவே ஒரு விலங்கும் வந்தது. தோட்டக்காட்டுக் கறுப்பினத்தவரின் கொச்சை மொழியில் எழுதிய கவிதைகளைத்தான் ஹவல்ஸ் உயர்த்திச் சொன்னார். பதிப்பாளர்களும் வாசகர்களும் அதையே கேட்டார்கள்.

1903இல் வந்த ‘தி போயட்’ எட்டே வரி. அவன் காதலைப் பாடினான், உலகமோ உடைந்த நாவில் வந்த ஒரு கிலுகிலுப்பைப் பாராட்டத் திரும்பியது என்று முடிகிறது. கறுப்பினக் கவிஞன் காதலைப் பாடினால் கேட்க ஆளில்லை என்பதே அதில் இருக்கும் துயரம். ‘வீ வேர் தி மாஸ்க்’ கவிதையில் சிரிக்கிற, பொய் சொல்கிற முகமூடியைப் பற்றிப் பேசுகிறார், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவிதையே முகமூடி போட்டுக்கொண்டிருக்கிறது. 1899இன் ‘சிம்பதி’யில், கம்பிகள் சிவக்கும்வரை சிறகடித்து, மீண்டும் தண்டில் போய் உட்காரும் கூண்டுப்பறவை வருகிறது. மாயா ஏஞ்சலோ தன் வரலாற்று நூலுக்குத் தலைப்பு எடுத்தது இங்கிருந்துதான். டன்பர் நாடாளுமன்ற நூலகத்தில் வேலை பார்த்தபோது கண்ட இரும்புக் கம்பி அடுக்குகளே அந்தக் கூண்டுக்கு மூலம் என்று அவருடைய மனைவி ஆலிஸ் எழுதினார். காசநோயால் 33 வயதில் டன்பர் இறந்தார்.

இனம் என்ற பேச்சே இல்லாத கவிதையை இனம் பற்றிய கவிதை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எப்போது, எங்கே வெளிவந்தது என்பதை வைத்து. கிளாட் மெக்கேயின் ‘இஃப் வீ மஸ்ட் டை’ 1919 ஜூலையில் ‘தி லிபரேட்டர்’ இதழில் வந்தது. அந்தக் கோடையில் அமெரிக்காவின் பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பினத்தவரை வேட்டையாடின. ‘சிவப்புக் கோடை’ என்றே அதற்குப் பெயர். ஜமைக்காவிலிருந்து வந்த மெக்கே அப்போது ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறுபவராக இருந்தார். சாகத்தான் வேண்டுமென்றால் பன்றிகளைப் போல அடைத்து வைத்துச் சாகக்கூடாது, திருப்பி அடித்துக்கொண்டே சாவோம் என்கிறது கவிதை. கூட வேலை பார்த்தவர்களுக்கு வாசித்துக் காட்டியபோது ஒருவர் அழுதார் என்று பின்னால் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் சர்ச்சில் இதை நாடாளுமன்றத்தில் வாசித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு உறுதியான சான்று கிடையாது, தேர்வில் எழுத வேண்டாம்.

மெக்கே தேர்ந்த வடிவம் சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதை. ஐரோப்பாவில் காதலிக்கு எழுதும் வடிவம் அது. ‘அமெரிக்கா’ என்ற இன்னொரு சானெட்டில் நாட்டையே ஒரு பெண்ணாக்கி, கசப்பு ரொட்டியை ஊட்டுகிறாள், என் தொண்டையில் புலிப்பல்லைப் பதிக்கிறாள், ஆனாலும் என் இளமையைச் சோதிக்கும் இந்த நாகரிக நரகத்தை நேசிக்கிறேன் என்று எழுதினார். இதைக் காதல் கவிதை என்று வகைப்படுத்துவதா, இனக் கவிதை என்றா?

மூன்றும் ஒன்றாக வரும் ஒரே கவிதையைச் சொல்லுங்கள் என்றால்?

லாங்ஸ்டன் ஹ்யூஸ் 1927இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள ‘சாங் ஃபார் எ டார்க் கேர்ள்’. பன்னிரண்டு வரி, மூன்று பத்தி. பேசுபவள் ஒரு கறுப்பினப் பெண்.

மூன்று பத்திகளும் தொலைதூரத் தெற்கே, டிக்ஸியில் என்று பொருள்படும் ஒரே வரியில் தொடங்குகின்றன. டிக்ஸி என்பது தென்மாநிலங்களுக்கு வழங்கும் செல்லப்பெயர். அந்த வரி அமெரிக்கர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு துள்ளல் பாட்டை நினைவூட்டுவது. 1859இல், வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் போல் ஆடும் மேடை நிகழ்ச்சிக்காகக் கட்டப்பட்ட பாட்டு அது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கீதமாகவே ஆகிவிட்டது. அந்த மெட்டை எடுத்து, அடுத்த வரியில் அடைப்புக்குறிக்குள் ‘என் நெஞ்சு உடைகிறது’ என்று ஒரு முனகலை வைக்கிறார் ஹ்யூஸ். பிறகு செய்தி வருகிறது: என் கறுப்பு இளங்காதலனை நாற்சந்தி மரத்தில் தூக்கிலிட்டார்கள். யார் இட்டார்கள்? ‘அவர்கள்’. பெயர் கிடையாது. கும்பல் கொலை வழக்குகளில் அன்றைய விசாரணை அறிக்கைகளும் பெரும்பாலும் முகம் தெரியாத நபர்கள் என்றே முடிந்தன.

இரண்டாம் பத்தியில் அடைப்புக்குறிக்குள் முனகல் இல்லை, காட்சி இருக்கிறது: உயரே, காயங்களோடு அந்த உடல். அதைப் பார்த்துக்கொண்டே வெள்ளை ஆண்டவர் இயேசுவிடம், ஜெபத்தால் என்ன பயன் என்று கேட்கிறாள். பதில் எழுதப்படவில்லை. நாற்சந்தியும் சிலுவையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் பகிர்கின்றன. தொங்குபவன்தான் கிறிஸ்து, கேட்கப்படுபவர் வெள்ளையர். மூன்றாம் பத்தியில் காதலன் என்ற பேச்சே போய்விடுகிறது. காதல் என்பது முறுக்கேறிய வெற்று மரத்தில் ஒரு நிர்வாண நிழல் என்கிறாள். உடலும் போய், ஆளும் போய், நிழல் மட்டும் தொங்குகிறது.

பாடிப் பார்த்தால் மெட்டு சிரித்துக்கொண்டே போகும். அதுதான் இந்தக் கவிதையின் கொடூரம். டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்வி நிறுவனம் திரட்டிய கணக்குப்படி 1882க்கும் 1968க்கும் இடையே கும்பல் கொலைக்கு ஆளானவர்கள் 4,743 பேர், அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர்.

கல்லனின் கவிதையில் வரும் வசைச்சொல்லை வகுப்பில் வாசிக்கலாமா?

‘இன்சிடென்ட்’டில் எட்டு வயதுக் கறுப்புச் சிறுவன் பால்டிமோர் நகரைச் சுற்றிப் பார்க்கும் மகிழ்ச்சியில் இருக்கிறான். அவனளவே உள்ள இன்னொரு சிறுவன் முறைத்துப் பார்க்கிறான். இவன் புன்னகைக்கிறான். அவன் நாக்கை நீட்டி அந்தச் சொல்லைச் சொல்கிறான். மே முதல் டிசம்பர் வரை அந்த ஊரில் இருந்தும் நினைவில் நிற்பது அது ஒன்றுதான் என்று முடிகிறது. சொல்லை நீக்கினால் கவிதை செத்துவிடும். உரக்கச் சொல்வது கட்டாயம் இல்லை. அச்சில் பார்க்க விட்டு, அந்த இடத்தில் மௌனமாகக் கடக்கும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அது நல்ல வழியாகப் படுகிறது.

‘இக்கவிதையின் மையக்கருத்து இனப் பாகுபாடு’ என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் வருமா?

வரும். அதோடு, புன்னகை முதலில் யாரிடமிருந்து வந்தது, ஏன் இருவருக்கும் ஒரே வயது, ஏன் குழந்தைப் பாட்டு மெட்டு என்று மூன்று வாக்கியம் சேர்த்தால் இன்னும் அதிகம் வரும்.

இனக்கொடுமையை வெள்ளையர் தரப்பிலிருந்து எழுதிய கறுப்பினக் கவிஞர் உண்டா?

குவென்டலின் புரூக்ஸ். 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1955இல் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்குப் போன 14 வயது எம்மெட் டில், ஒரு வெள்ளைப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று சொல்லிக் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் விடுவித்தது. 1960இல் வந்த நீண்ட கவிதையில் புரூக்ஸ் அந்த வெள்ளைப் பெண்ணின் சமையலறைக்குள் போகிறார். அவள் பன்றிக்கறியைக் கருகவிடுகிறாள். தன்னைக் கதைப்பாட்டின் இளவரசியாகவும் கணவனை இளவரசனாகவும் கற்பனை செய்து பார்க்கிறாள். ஆனால் வில்லன் பெரிய ஆளாக இருக்க வேண்டுமே, இவன் சிறுபிள்ளை ஆயிற்றே என்று கதை இடிக்கிறது. காலை உணவு மேசையில் கணவன் தங்கள் குழந்தையை அறைகிறான். பிறகு அவன் முத்தமிட வரும்போது அவளுக்கு இரத்தம் தெரிகிறது. காதல் கதை என்ற பெயரில் நடந்த கொலை அந்த வீட்டின் காதலையே தின்றுவிடுகிறது. கொல்லப்பட்ட சிறுவனின் தாய்க்கு அடுத்த பக்கத்தில் சில வரிகள் மட்டும்.

‘கறுப்பினக் கவிஞர்’ என்று அழைப்பது சரியா?

கவிஞர்களுக்குள்ளேயே தீராத வழக்கு இது. கவிஞனாக இருக்க விரும்புகிறேன், நீக்ரோ கவிஞனாக அல்ல என்று ஓர் இளைஞர் சொன்னதைக் கடிந்து ஹ்யூஸ் 1926இல் கட்டுரை எழுதினார். அந்த இளைஞர் கல்லன்தான் என்று பலரும் கருதுகிறார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 1966இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகக் கூட்டத்தில் ராபர்ட் ஹேடன் ஏறக்குறைய கல்லனின் பக்கம் நின்று, இளம் எழுத்தாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அடிமைக் கப்பல்களைப் பற்றி ‘மிடில் பாசேஜ்’ என்ற பெரும் கவிதை எழுதியவருக்கு அந்த வசை.

அவருடைய ‘தோஸ் வின்ட்டர் சண்டேஸ்’ பதினான்கு வரியில் இனம் எங்கும் இல்லை. கூலிவேலையில் கைகள் வெடித்த தகப்பன் ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி வீட்டைச் சூடாக்குகிறார். மகனின் காலணிகளுக்கும் மெருகேற்றி வைக்கிறார். யாரும் நன்றி சொன்னதில்லை. அந்த வீட்டில் தீராத கோபங்கள் இருந்தன, மகன் பயந்தே எழுந்தான். அன்பு இப்படியும் தனியாக வேலை செய்யும் என்று எனக்கு என்ன தெரியும் என்று வளர்ந்த பிறகு இரண்டு முறை கேட்கிறான். ஹேடனை வளர்த்தவர்கள் டெட்ராய்ட்டின் கறுப்பினக் குடியிருப்பில் வாழ்ந்த ஏழைகள் என்று தெரிந்து படித்தால் அந்தக் கைகளின் வெடிப்புக்கு ஒரு வரலாறு கிடைக்கிறது. தெரியாமல் படித்தாலும் கவிதை நிற்கிறது. இரண்டு விதமாகவும் ஒரு முறை படியுங்கள்.

இவற்றை இணையத்தில் எங்கே, எந்தப் பதிப்பில் படிப்பது?

பொயட்ரி ஃபவுண்டேஷன், அமெரிக்கக் கவிஞர்கள் கழகம் இரண்டின் தளங்களிலும் பெரும்பாலானவை கிடைக்கின்றன. டிக்கின்சன் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, 1890 முதல் வந்த பழைய பதிப்புகளிலிருந்து எடுத்தவை. அவற்றில் பதிப்பாசிரியர்கள், நிறுத்தற்குறிகளுக்குப் பதிலாக அவர் இட்ட சிறு கோடுகளை நீக்கி, எதுகையைச் சீராக்கி, தாங்களாகத் தலைப்பும் வைத்தார்கள். 1955இல் தாமஸ் ஜான்சன் பதிப்பித்த பிறகே கோடுகள் திரும்பின. தலைப்போடு கூடிய டிக்கின்சன் கவிதையைப் பார்த்தால் அது திருத்தப்பட்ட பாடம் என்று எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் படிகளையும் இணையத்தில் பார்க்க முடியும். விட்மன் தன் நூலைச் சாகும்வரை திருத்தி விரித்துக்கொண்டே இருந்தார். 1855இல் பன்னிரண்டு கவிதைகள், கடைசிப் பதிப்பில் ஏறத்தாழ நானூறு. முதல்முறை படிப்பவர்கள் 1855 பாடத்தை எடுத்துக்கொண்டால் அந்த அடிமை வாசலுக்கு வரும் இடம் விரைவிலேயே வந்துவிடும்.